வாடூனும் உருளைக்கிழங்கும்

செங்கற்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்திற்குத் தெற்கே உள்ள ஒரு மீனவர் குப்பத்தில் நடந்த சிறு நிகழ்ச்சி இது. புதிதாக மணமாகி வந்த பெண் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். புளியைக் கரைத்து ஊற்றி, மிளகாய்த்தூள் போட்டு, அதில் உருளைக்கிழங்குத் துண்டுகளையும் கருவாட்டையும் சேர்த்தாள். ஒரு மணி நேரம் கொதித்தது. கருவாடு கரைந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டது. கிழங்கோ கடித்தால் நறுக்கென்று இருந்தது. கடைக்காரர் பழங்கிழங்கைத் தள்ளிவிட்டார் என்றார் ஒருவர். விறகு ஈரம் என்றார் மற்றொருவர். மாமியார் மட்டும், "கிழங்கு வெந்த அப்புறம்தான் புளி ஊத்தணும்மா, தெரியாதா?" என்றார். "ஏன் அத்தை?" என்று அந்தப் பெண் கேட்டாள். "எங்க அம்மா அப்படித்தான் செய்வாங்க" என்பதுதான் கிடைத்த விடை.

மாமியார் சொன்னது சரியே. அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைச் சொல்லுமுன், அந்தச் சட்டிக்குள் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று பார்ப்போம். உப்பிட்டு உலர்த்திய ஊன் ஒன்று, மண்ணுக்குள் விளைந்த கிழங்கு ஒன்று, மூடிய பாத்திரம், சிறுதீ. மேலை நாடுகளில் குளிர்கால இரவு உணவாகப் பெயர் பெற்ற ஒன்றும் இதே அமைப்பை உடையது. கொத்திய இறைச்சியை உப்பும் மசாலையும் கலந்து குடலில் அடைத்துச் செய்யும் 'சாசேஜ்' என்பதையும் உருளைக்கிழங்கையும் ஒரு மின்சாரச் சட்டியில் போட்டு, காலையில் விசையைத் தட்டிவிட்டு வேலைக்குப் போவார்கள்; மாலையில் வந்தால் உணவு தயாராக இருக்கும். அதைப் புதுமை என்று நாம் வியக்கிறோம். ஆனால் அந்த ஏற்பாட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் நம் கடற்கரையில் ஒரு பழைய வரலாறு உண்டு.

தொண்டை நாட்டுச் சட்டி

பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றியது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பரிசில் பெற்ற பாணன் ஒருவன் மற்றொரு பாணனுக்கு வழி சொல்வதாக அது அமைந்துள்ளது. எந்த ஊரில் என்ன உண்ணக் கிடைக்கும் என்பதையும் அவன் சொல்லிக்கொண்டே போகிறான். வறியவனுக்கு அதுதானே முதற்கவலை! இதனால் தொண்டை நாட்டு மக்களின் உணவைப் பற்றிய அரிய ஆவணமாக அந்தப் பாட்டு நமக்குப் பயன்படுகிறது.

அதில் வறண்ட நிலத்து எயினர் குடியிருப்பு வருகிறது. பெண்கள் இரும்புப் பூண் இட்ட கோலால் கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசியைத் திரட்டுகின்றனர். அதை நிலத்திலேயே குழித்த உரலில் குற்றுகின்றனர். கிணற்றில் ஊறும் சிறிதளவு உவர்நீரை முகந்து, வாய் உடைந்த பழைய பானையை முறிந்த அடுப்பின்மேல் ஏற்றி, வாடூனோடு உணவு சமைக்கின்றனர். வாடூன் என்றால் உலர்ந்த இறைச்சி; உப்புக்கண்டம் என்று இன்று சொல்வோம். நல்ல நீர் இல்லை, நல்ல பானை இல்லை, புதிய இறைச்சியும் இல்லை. இருந்தும் வருகின்ற விருந்தினனுக்குப் பங்கு இருக்கிறது.

அதே பாட்டு பிறகு ஒரு துறைமுகத்துக்கு வருகிறது. கப்பல்களும் உயர்ந்த மாடங்களும் கலங்கரை விளக்கும் உள்ள அந்த ஊரை நீர்ப்பெயற்று என்று அது குறிக்கிறது. மாமல்லபுரமே அது என்று கருதும் ஆய்வாளர் உளர். அங்கே ஆண் பன்றியைக் குழியில் தனியே நிறுத்தி, பல நாள் நெல்லரிசி மாவை ஊட்டிக் கொழுக்கவைத்து, அதன் இறைச்சியைக் கள்ளோடு விருந்தினருக்குக் கொடுத்தனராம். பன்றியை அடைத்துக் கொழுக்கவைக்கும் முறை ஐரோப்பியருக்கே உரியது என்று எண்ணியிருந்தவர்கள் சற்று யோசிக்க வேண்டியிருக்கும்.

பானையைப் பற்றி மண்ணே சான்று தருகிறது. மதுராந்தகத்தை அடுத்த சாணூரில் 1950, 1952ஆம் ஆண்டுகளில் நடந்த அகழாய்வில், பெருங்கற்கால ஈமக்குழிகளிலிருந்து கறுப்பு-சிவப்புக் கலங்களும், கால்கள் வைத்த நீண்ட சுடுமண் பேழைகளும் கிடைத்தன. இவை இறந்தோர்க்கு உரியவை, அடுக்களைக்கு உரியவை அல்ல. ஆயினும் மண்ணைத் தேர்ந்து, பிசைந்து, வெடிக்காமல் சுடும் கலையில் இந்த வட்டாரத்தார் எவ்வளவு தேர்ந்திருந்தனர் என்பதற்கு அவை போதும்.

உப்பும் அதற்கு விதித்த வரியும்

இறைச்சியையும் மீனையும் கெடுப்பவை நுண்ணுயிர்கள். அவை வாழ நீர் வேண்டும். உப்பு, திசுக்களிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. எஞ்சிய நீரையும் நுண்ணுயிர்களுக்குப் பயன்படாதபடி செய்கிறது. வெயில் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. கடலும் வெயிலும் உள்ள கடற்கரையில் கருவாடு பிறந்ததில் வியப்பில்லை. செய்யூர்ப் பக்கம் உப்பளங்களும் உள.

ஆனால் கடலோரத்தில் இருப்பவருக்கு உப்பு எளிதில் கிடைத்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஆங்கிலேயர் ஆட்சியில் உப்பு அரசின் பிடியில் இருந்தது. அதன்மீது கனத்த வரி இருந்தது. காலடியில் தானே படியும் உப்பைச் சுரண்டி எடுப்பதும் குற்றம். நூறு மீன் பிடித்தவன், அதை உப்பிட வேண்டிய உப்பின் விலை மீனின் விலையை மிஞ்சுவதைக் கண்டான். உப்பில்லாமல் மணலில் உலர்த்திய மீன் பாதி அழுகிப்போயிற்று. மீன்வளத்தை ஆய்ந்த ஃபிரான்சிஸ் டே என்னும் மருத்துவ அதிகாரி இதை அரசுக்கு எடுத்துக் கூறினார். 1870களிலிருந்து சென்னை மாகாணக் கடற்கரையில் அரசு மீன் உப்பிடும் முற்றங்கள் ஏற்பட்டன. அங்கே குறைந்த விலைக்கு உப்பு கிடைக்கும். ஆனால் மீனை அந்த வேலிக்குள் கொண்டு வந்தே உப்பிட வேண்டும், ஒரு பிடி உப்பும் வெளியே போகக் கூடாது. உப்பு வரி 1947இல்தான் நீங்கியது. ஏழையின் குழம்புச் சட்டியில் விழுந்த கருவாட்டுத் துண்டுக்கு இவ்வளவு அரசியல் இருந்திருக்கிறது.

உப்பு குறைந்தால் என்ன ஆகும் என்பதை ஐரோப்பியர் சாசேஜிலேயே கற்றுக்கொண்டனர். ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கெட்ட சாசேஜைத் தின்றவர்கள் கண் மங்கி, நா குழறி, மூச்சு நின்று இறந்தனர். யுஸ்டினஸ் கெர்னர் என்னும் மருத்துவர் (இவர் கவிஞரும்கூட) 1820ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் இத்தகைய நோயாளிகளின் விவரங்களைத் திரட்டினார். அந்த நஞ்சைத் தம் உடலிலேயே சோதித்தும் பார்த்தார். காற்றில்லாத இடத்தில்தான் அது உண்டாகிறது என்று கண்டறிந்தார். குடலுக்குள் இறுக அடைத்த இறைச்சியில் காற்று ஏது? அதை உண்டாக்கும் நுண்ணுயிரை 1890களில் பெல்ஜியத்தின் வான் எர்மெங்கெம் பிரித்தெடுத்தார். இலத்தீனில் 'பொட்டுலஸ்' என்றால் சாசேஜ். 'பொட்டுலிசம்' என்ற நோய்ப்பெயர் அதிலிருந்து வந்ததே.

கிழங்கு வந்த வழி

நம் சட்டியில் எல்லாரிலும் பிந்தி வந்தது உருளைக்கிழங்குதான். சேம்பு, கருணை, சேனை, வள்ளி, பனங்கிழங்கு ஆகியவை இம்மண்ணில் பழகியவை. உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்டது. ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தது ஏறத்தாழ 1570இல். இந்தியாவுக்குப் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது என்பர். பழைய பயணக் குறிப்புகளில் வரும் 'பட்டாட்டா' சர்க்கரைவள்ளியா, உருளைக்கிழங்கா என்பது பலவிடங்களில் தெளிவாக இல்லை. அந்தச் சொல்லே முதலில் சர்க்கரைவள்ளிக்கு உரியதுதான்.

நம் கடற்கரைக்கும் இக்கிழங்குக்கும் இடையே ஒல்லாந்தர் வருகின்றனர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, இன்றைய கல்பாக்கத்தை அடுத்துள்ள சதுரங்கப்பட்டினத்தில் 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியார் குடியேறினர். இங்கு நெய்த மெல்லிய துணியே அவர்களை ஈர்த்தது. அவர்கள் கட்டிய செங்கற் கோட்டை கடலைப் பார்த்தபடி இன்றும் நிற்கிறது. உள்ளே செதுக்கு வேலை நிறைந்த கல்லறைகள் உள்ளன. 1782 பிப்ரவரி 17 அன்று ஆங்கிலேய, ஃபிரெஞ்சுக் கப்பற்படைகள் மோதியது இந்த ஊருக்கு எதிரே உள்ள கடலில்தான். 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஒல்லாந்தர் இந்தியாவிலிருந்த தம் இடங்களை ஆங்கிலேயருக்குக் கொடுத்துவிட்டனர்.

இந்த ஒல்லாந்தர்க்கு மிகவும் விருப்பமான உணவு 'ஹட்ஸ்பாட்'. கிழங்கு, காரட், வெங்காயம் ஆகியவற்றை ஒரே சட்டியில் வேகவிட்டு மசித்து, இறைச்சியோடு உண்பது. 1574 அக்டோபர் 3 அன்று லெய்டன் நகர முற்றுகையைக் கைவிட்டு ஸ்பானியர் ஓடியபோது, அவர்கள் விட்டுச்சென்ற சட்டியில் இந்த உணவு இருந்ததாம். பசியால் வாடிய நகரத்தார் அதை உண்டனராம். ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் லெய்டன் மக்கள் அதைச் சமைத்து உண்கின்றனர். ஆனால் அந்த முதற்சட்டியில் உருளைக்கிழங்கு இருந்திருக்க முடியாது. காரட்டைப் போன்ற பார்ஸ்னிப் என்னும் வேறொரு கிழங்கே இருந்தது. ஒல்லாந்து மக்களின் அன்றாட உணவில் உருளைக்கிழங்கு நுழைந்தது 18ஆம் நூற்றாண்டில். ஆகவே சதுரங்கப்பட்டினத்துக்கு முதலில் வந்த ஒல்லாந்த மாலுமி, கப்பலில் உப்பிட்ட மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் தின்று வந்தவன், உருளைக்கிழங்கை நம்மைப் போலவே அறியாதவன்.

தமிழ்நாட்டில் இக்கிழங்கு வேரூன்றியது மலையில். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். 1820களில் அங்கே ஐரோப்பியக் காய்கறிகளோடு உருளைக்கிழங்கும் பயிராயிற்று. செங்கற்பட்டுச் சமவெளியில் அது விளையாமைக்குக் காரணம் இரவின் வெப்பமே. இரவு வெப்பநிலை 20° செ. அளவுக்கேனும் இறங்கினால்தான் செடி கிழங்கு வைக்கும். இல்லையேல் இலையாகவே வளரும். எனவே நம் குப்பத்துச் சட்டிக்குக் கிழங்கு எப்போதும் வெளியூரிலிருந்து மூட்டையில்தான் வந்தாக வேண்டும்.

சிறுதீயின் கணக்கு

இனி அடுப்புக்கு வருவோம். ஒரு லிட்டர் நீரை 30° செ. வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி வெப்பம் போதும். அதே நீர் முழுவதையும் ஆவியாக்க 540 கிலோகலோரி வேண்டும். ஏறத்தாழ எட்டு மடங்கு. நீர் 100 டிகிரியை எட்டிய பிறகு எவ்வளவு விறகைத் திணித்தாலும் திறந்த சட்டியில் வெப்பநிலை ஏறாது. தளதளவென்று கொதிக்கும் சட்டியும் ஓரத்தில் மட்டும் மெல்லக் குமிழிடும் சட்டியும் உள்ளே இருக்கும் கிழங்குக்கு ஏறக்குறைய ஒன்றே. மிகுந்த விறகெல்லாம் ஆவியாகிக் கூரை வழியே போகிறது. புகையோ சமைப்பவளின் நெஞ்சுக்குள் போகிறது.

இதை ஐரோப்பாவில் உரக்கச் சொன்னவர் ரம்ஃபோர்டு பிரபு. பீரங்கிக் குழாயைக் குடையும்போது எழும் வெப்பத்தைக் கண்டு, வெப்பம் என்பது ஒருவகை இயக்கமே என்று காட்டியவர் என மாணவர்கள் அறிந்திருப்பர். 1790களில் மியூனிக் நகரில் ஏழைகளுக்கு மலிவான கஞ்சி வழங்கும் பொறுப்பு இவரிடம் இருந்தது. வாற்கோதுமையும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கஞ்சி அது. உருளைக்கிழங்கின்மேல் அப்போது மக்களுக்கு வெறுப்பு; ஆகவே தொடக்கத்தில் அடையாளம் தெரியாதபடி குழைய வேகவைத்து மறைத்தே சேர்த்தார்கள்! ஒருமுறை, உருளைக்கிழங்கு உலர்த்துவதற்காகத் தாம் அமைத்த பெட்டியில் ஆட்டின் தோள்பகுதி இறைச்சியை வைத்துப் பார்த்தார். சில மணி நேரத்தில் வேகாததால் நம்பிக்கை இழந்து விட்டுவிட்டார். சமையற்பெண்கள் இறைச்சியை இரவு முழுதும் அதிலேயே விட்டுவைத்தனர்; காலையில் அது மிக நன்றாக வெந்திருந்தது. கொதிநிலைக்குக் கீழேயும் இறைச்சி வேகும் என்பது அவருக்குப் புரிந்தது. இறைச்சியின் இணைப்புத் திசுவிலுள்ள கொல்லாஜன் என்னும் புரதம் 60 அல்லது 70 டிகிரியிலிருந்தே மெல்லக் கரைந்து ஊன்பசையாக மாறுகிறது. அதற்கு வேண்டியது பெரும் தீ அன்று, நேரமே.

நம் மண்சட்டி இந்த வேலைக்கென்றே பிறந்தது போன்றது. சுட்ட மண் வெப்பத்தைக் கடத்தும் திறன் அலுமினியத்தின் திறனில் நூற்றில் ஒரு பங்கும் இராது. தீயின் சீற்றத்தை அது தணித்து உள்ளே விடுகிறது. இறக்கி வைத்த பின்னும் குழம்பு சிறிது நேரம் கொதித்துக்கொண்டே இருப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். சவுக்குத் தோப்புகள் நிறைந்த இக்கடற்கரையில், சவுக்கு விறகின் தணலில் சட்டியை வைத்துவிட்டு வலை பின்னவோ மீன் விற்கவோ போனவர்கள் எத்தனையோ பேர்.

சிறுதீச் சமையல் பெரும்பாலும் வேறு வேலை உள்ளவர்களின் கண்டுபிடிப்பு. நார்வேயில், கொதிக்கவைத்த பாத்திரத்தை வெப்பம் கடத்தாப் பொருள் அடைத்த பெட்டியில் மூடிவைக்கும் முறை இருந்தது. யோஹன் சோரன்சன் என்பவர் செய்த அத்தகைய பெட்டி 1867இல் பாரிஸ் பொருட்காட்சியில் பரிசு பெற்றது. நம் நாட்டில் 1910இல் கல்கத்தாவின் டாக்டர் இந்துமாதவ் மல்லிக் 'இக்மிக் குக்கர்' என்பதை உருவாக்கினார். அடுக்குப் பாத்திரத்தின் அடியில் கரித்தணல். மேலே அரிசி, பருப்பு, கறி. தணல் தானே அணைவதற்கும் உணவு வேகுவதற்கும் கணக்குச் சரியாக இருக்கும். விடுதியில் தனியே தங்கியவர்களுக்கு அது பெரிய உதவியாயிற்று.

மின்சாரச் சட்டியின் கதையும் இவ்வாறே. யூதர்கள் ஓய்வு நாளில் தீ மூட்டமாட்டார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை மாலையே இறைச்சி, பயறு, கிழங்கு ஆகியவற்றைச் சட்டியிலிட்டு ரொட்டிக்கடை அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்துவிடுவர். மறுநாள் எடுத்து உண்பர். லித்துவேனியாவில் தன் பாட்டி இப்படிச் சமைத்ததைத் தாய் சொல்லக் கேட்ட இர்விங் நாக்சன் என்பவர், அமெரிக்காவில் அதற்கொரு மின்கலத்தை அமைத்து 1940இல் காப்புரிமை பெற்றார். 1970களில்தான் அது வீடுதோறும் பரவியது. பெண்கள் பெருமளவில் அலுவலகங்களுக்குப் போகத் தொடங்கிய காலம் அது.

இதிலும் எச்சரிக்கை வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே நுண்ணுயிர்கள் பெருகும். சட்டி அந்த எல்லையில் நெடுநேரம் தங்கினால் உணவே நஞ்சாகலாம். அதனால்தான் பெட்டியில் மூடுமுன் நன்றாகக் கொதிக்கவைத்தனர். ராஜ்மா போன்ற சில பயறுகளில் இயற்கையாகவே உள்ள நச்சுப் புரதம், சிறுதீயில் அழியாது. பத்து நிமிடமேனும் கொதித்தாக வேண்டும்.

மாமியார் சொன்ன காரணம்

உருளைக்கிழங்கின் மாவுப்பொருள் 60 முதல் 70 டிகிரிக்குள் நீரைக் குடித்து வீங்கிவிடும். ஆனால் கிழங்கு மெத்தென்று ஆவதற்கு அது போதாது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசை அறுபட வேண்டும். அதற்கு 85 டிகிரியாவது தேவை. இறைச்சியைவிடக் கிழங்கு பிடிவாதமானது என்பது இதனால்தான். மின்சாரச் சட்டியில் சமைப்பவர்கள் கிழங்கைச் சூட்டை ஒட்டிய அடிப்பகுதியிலும் சாசேஜை மேலேயும் வைப்பதற்கும் இதுவே காரணம். புளிப்பற்ற நீரில் பெக்டின் சங்கிலிகள் எளிதில் அறுபடும். சற்றே புளித்த நீரில் அந்த வினை மிகவும் மந்தமாகிவிடும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செய்தது அவ்வளவே. கடைக்காரர்மேலும் விறகின்மேலும் குற்றமில்லை.

இதில் சுவையான முரண் ஒன்று உண்டு. நம் பழைய கிழங்குகளான கருணைக்கும் சேனைக்கும் புளியைச் சேர்த்தே வேகவைப்பது வழக்கம். அவற்றில் ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் இருந்து நாக்கை அரிக்கும் என்பதால் வந்த பழக்கம் அது. அந்தக் கைப்பழக்கத்தோடு புதிய கிழங்கைத் தொட்டால் இப்படித்தான் ஆகும். உருளைக்கிழங்குக்கு வேறு முறை வேண்டும் என்பதை நம் பாட்டிமார் யாரோ சட்டி சட்டியாகக் கெடுத்துத்தான் கற்றிருக்க வேண்டும்.

கிழங்கை வேகவிடாத அந்த அமிலமே குழம்பைக் காக்கவும் செய்கிறது. புளிப்பின் அளவைக் காட்டும் பி.எச். எண் 4.6க்குக் கீழே போனால், கெர்னரை அச்சுறுத்திய அந்த நுண்ணுயிர் பெருக முடியாது. புளிக்குழம்பு கறிக்குழம்பைவிட நீண்ட நேரம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அன்று அந்தப் பெண் கிழங்குத் துண்டுகளை அகப்பையால் அள்ளி, வேறொரு சட்டியில் வெறும் நீரில் வேகவைத்து, மீண்டும் குழம்பில் சேர்த்தாள். சாப்பிட இரவு ஒன்பது மணி ஆயிற்று. மறுநாள் காலை குழம்பைச் சுண்டக் கொதிக்கவைத்துப் பழைய சோற்றுக்கு ஊற்றிக்கொண்டபோது, முதல்நாள் இருந்ததைவிட நன்றாக இருக்கிறது என்று மாமியாரே சொன்னார்.